இருவருக்கு எழுதிய இடம்

பாப்பா இன்னும் எழுந்திருக்கவில்லையா, பஸ் வந்துவிடுமே என்று சிபி சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டான். தேன்மொழி பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர்களுக்குக் குழந்தை கிடையாது.

எந்தப் பாப்பா என்று கேட்டாள். அவன் சற்று எரிச்சலோடு, தக்காளி சாதம் கட்டாதே, மத்தியானத்துக்குள் புளித்துவிடுகிறது என்று நேற்றுத்தான் சொன்னாளே என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். மெதுவாக முக்காலியில் உட்கார்ந்து, வலது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் புடைத்திருக்கும் கருவியைத் தடவிக்கொண்டான்.

"தேனு, என்னமோ தப்பா இருக்குது. அந்தப் புள்ள மொகம் கண்ணு முன்னாடி நிக்குது. யாருன்னு தெரியல."

கல்யாணமான ஏழாம் மாதத்தில் சிபிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தான். ஆனால் இன்றைய நாளை நாளைக்கு எடுத்து வைக்கும் பகுதி மூளையில் கருகிப்போயிருந்தது. பிறந்ததிலிருந்து கல்யாணம் வரை, வால்பாறைக்குப் போய் வந்த முதல் பயணம் வரை எல்லாம் அப்படியே இருந்தன. அதற்குப் பிறகு நடந்த எதுவும் சில நிமிடங்களுக்கு மேல் தங்கவில்லை. கோயம்புத்தூரில் அப்படிப்பட்டவர்களுக்காக ஒரு மருத்துவமனை நினைவுக் கருவி பொருத்தத் தொடங்கியிருந்தது. பார்ப்பதையும் கேட்பதையும் அது வெளியே ஓரிடத்தில் எழுதி வைக்கும். வேண்டும்போது எடுத்துக் கொடுக்கும். அந்த வெளியிடம் எது என்பதுதான் இந்தப் பதினாறு வருடத்தில் இரண்டு முறை மாறியிருந்தது.

முதலில் இடுப்பில் ஒரு பெட்டி. காதிலிருந்து ஒரு வயர் நேராக அதற்குள் போகும். அவன் நினைவெல்லாம் அவன் இடுப்பிலேயே இருந்தது, வேறு யாரும் தொட முடியாது. ஆனால் மருத்துவமனை வார்டில் பழகிய ஒருவர் பல்லடம் போகும் பஸ் நெரிசலில் பெட்டியைப் பறிகொடுத்தார். பெட்டியோடு மகள் கல்யாணம், பேரன் பிறந்தது எல்லாம் போயின. அதைக் கேள்விப்பட்ட பிறகு சிபி தூக்கத்திலும் பெட்டியைக் கையால் பிடித்துக்கொண்டே படுத்தான். அது நிறைந்தும்போனது. புதிதாக ஒன்றை வைக்க வேண்டுமானால் பழையதில் எதையாவது அழிக்க வேண்டும்.

அடுத்து, பெட்டியை எடுத்துவிட்டு மருத்துவமனையின் பொதுச் சேமிப்பகத்தோடு இணைத்தார்கள். அங்கே ஒவ்வொரு நினைவும் பெயர் போட்ட ஒரு கோப்பாக இருந்தது. கருவி பெயரைச் சொல்லிக் கேட்கும். சேமிப்பகம் தேடி எடுத்துக் கொடுக்கும். யார் எதைத் திறக்கலாம் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். பாதுகாப்பானது. ஆனால் தாமதமானது. கோவை கணபதிப் பகுதியில் சிபிக்குத் தண்ணீர்ப் பம்பு உதிரிபாகக் கடை. வாடிக்கையாளர் வந்து போன வாரம் சொல்லிவைத்த சாமான் வந்துவிட்டதா என்று கேட்டால், அவன் வாயைத் திறந்தபடி சிறிது நேரம் நிற்பான். பிறகுதான் பதில் வரும். சிலர் சிரித்தார்கள். சிலர் எதிர்க்கடைக்குப் போனார்கள். உறவில் ஒரு விசேஷத்தில், சின்னப் பையன்கள் அவனைப் போலவே வாய் பிளந்து நின்று காட்டியதை அவன் பார்த்துவிட்டான். அன்றே மருத்துவமனைக்குப் போய், புதிதாக வந்திருக்கும் கட்ட முறைக்கு மாற்றிவிடும்படி கேட்டான்.

அதைப் பொருத்திய என்ஜினியர் லிடியா என்ற பெண் பொறுமையாக விளக்கினாள். வீடு திரும்பும் வழியில் சிபி அதைத் தன் கடையை வைத்துத் தேன்மொழிக்குச் சொன்னான். கோப்பு முறை என்றால், கடையில் ஓர் ஆள் நின்றுகொண்டு, கேட்ட சாமானை உள்ளே போய்த் தேடி எடுத்து வருவது மாதிரி. கட்ட முறையில் அந்த ஆள் கிடையாது. எண் போட்ட வெறும் அறைகள், அதாவது கட்டங்கள், மட்டும்தான். எந்த அறையில் எதை வைத்தோம் என்பது நமக்கு மட்டும் தெரியும், நேராகக் கையை விட்டு எடுத்துக்கொள்ளலாம். அறைக்கோ அதைக் கட்டியவனுக்கோ உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

மாற்றிய பிறகு அவன் மற்றவர்களைப் போலவே பேசினான், சண்டை போட்டான், கணக்குச் சொன்னான். வருடக்கணக்கில் ஒரு குறையும் வரவில்லை. பாப்பா எங்கே என்று அவன் கேட்ட அந்தக் காலைவரை.

லிடியா தன் அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள். ஐப்பசி மழையில் மருத்துவமனைக்குள் தண்ணீர் புகுந்தபோது சேமிப்பகத்தை அவசரமாக வேறு கட்டடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்போது யாரோ இட ஒதுக்கீட்டில் தவறு செய்துவிட்டார்கள்.

"ஒரே சைட்டை ரெண்டு பேருக்குக் கிரயம் பண்ணிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு அக்கா. சாருக்கு ஒதுக்கின கட்டங்களையே இன்னொரு பேஷண்டுக்கும் ஒதுக்கியிருக்காங்க. அவங்க பொள்ளாச்சி, பிருந்தான்னு பேரு. இவர் காலின்னு நினைக்கிற இடத்துல அவங்க எழுதறாங்க. அவங்க காலின்னு நினைக்கிற இடத்துல இவர் எழுதறாரு."

கோப்பு முறையாக இருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று தேன்மொழி கேட்டாள்.

"ஆகாது. அங்க சேமிப்பகமே காவல். ஒருத்தர் திறந்து எழுதிட்டிருந்தா இன்னொருத்தரை விடாது. இங்க காவலே கிடையாது. வேகத்துக்காகத்தான் அதை எடுத்தோம்."

எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையும் அதே இடத்தில்தான் இருந்தது. தூங்கி எழுந்ததும் கருவி முதலில் அதைத்தான் படிக்கும். கடைசியாக யார் எழுதினார்களோ அவர்களுடைய அட்டவணைதான் இருவருக்கும் கிடைக்கும். அதனால் சில நாட்கள் சிபி அந்தப் பெண்ணின் நினைவோடு எழுந்தான். சில நாட்கள் அவள் சிபியின் நினைவோடு எழுந்தாள்.

நகல் இருக்குமே என்றாள் தேன்மொழி. இன்னொரு கட்டடத்தில் ஒரு பிரதி இருக்கத்தான் செய்தது. ஆனால் இங்கே எழுதும் அதே நொடியில் அங்கேயும் எழுதப்படும். எழுதி வைக்கும் தகடு கெட்டுப்போனால் அது உதவும். தவறாக எழுதினால் அங்கேயும் அதே தவறுதான். பழைய நாளின் பிரதியை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஒரு மனிதருக்கு இரண்டு நினைவுகள் இருந்தால் எது அந்த மனிதர் என்று ஒரு வழக்கு நடந்து, அதற்குப் பிறகு வந்த சட்டம் அது.

இரண்டையும் பிரித்துவிட முடியாதா என்று தேன்மொழி கேட்டாள். கட்டங்களில் பெயர் கிடையாது என்றாள் லிடியா. ஓர் அட்டவணையைச் சீர்செய்து நிறுத்தலாம், அதற்கு மற்றதை அழிக்க வேண்டும். யாருடையதை வைப்பது என்று மருத்துவமனை சொல்லாது. இரண்டு குடும்பமும் சேர்ந்து முடிவு செய்து கையெழுத்துப் போட வேண்டும். முடிவு தள்ளிப்போகப் போக இருவருக்கும் சேதம் கூடிக்கொண்டே போகும்.

அன்று சோதனைக்காகச் சிபியின் இணைப்பைச் சற்று நேரம் துண்டித்தார்கள். தேன்மொழி கட்டிலருகே நின்றிருந்தாள். அவன் கண் திறந்து அவளை மரியாதையாகப் பார்த்தான். எழுந்து உட்கார முயன்றான்.

"நீங்க தேனுவோட சித்திங்களா? கல்யாணத்துல பாத்தாப்ல இருக்குது. தேனு எங்கீங்க?"

இங்கேதான், வெளியே போயிருக்கிறாள் என்று அவள் சொன்னாள்.

வெளி வராந்தாவில் மற்றவர்களைப் பார்த்தாள். பிருந்தா நாற்பதை எட்டாத மெலிந்த பெண். பிரசவத்தின்போது மூளைக்கு ரத்தம் போகாமல் நின்று அவளுக்கும் அதே பகுதி கெட்டிருந்தது. புருஷன் அடுத்த வருடமே போய்விட்டான். தாயார் இருந்தவரை பார்த்துக்கொண்டாள், இப்போது அவளும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் மித்ரா மட்டும்தான். அந்தப் பெண்ணின் முகத்தைக் கண்டதும் சிபி நின்றுவிட்டான். இணைப்பு திரும்பக் கொடுத்திருந்தார்கள். இவளைத்தான் சொன்னேன் என்று தேன்மொழியின் காதில் சொன்னான். பிறகு தயங்கித் தயங்கி மித்ராவிடம், அந்த இடது காது வலி இப்போது தேவலையா என்று கேட்டான். மித்ரா அவனை வெறித்துப் பார்த்தாள். அம்மாவுக்கு அது மறந்துபோச்சுங்க என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகு சிபி இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாம் நாள், சிபியாகவே எழுந்த ஒரு காலையில், இடத்தை அந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிடலாம் என்றான். வழக்கமான குரலில், ஒரு மோட்டாரை யாருக்குக் கொடுப்பது என்று சொல்வதுபோலச் சொன்னான்.

"நாம வாழ்ந்ததுக்குச் சாட்சியா நீ ஒருத்தி இருக்கற. என்ன நடந்துச்சுன்னு உன்னால சொல்ல முடியும். அந்தப் புள்ள நடக்கப் பழகுனதை, பேசப் பழகுனதை அந்தம்மாவுக்குச் சொல்ல வேற ஆளே இல்ல. அந்தப் புள்ளைக்கும் தெரியாது, அது அப்பக் கொழந்தை."

தேன்மொழி கை வேலையைப் போட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அது உங்களோடது மட்டும் இல்லீங்க. பதினாறு வருஷம் நானும்தான் வாழ்ந்தேன். என்னையக் கேக்காம நீங்க எப்படித் தூக்கிக் குடுப்பீங்க?"

கேட்கத்தானே செய்கிறேன் என்றான் அவன். அவள் முடியாது என்றாள். அந்த வாரம் முழுக்க முடியாது என்றே சொன்னாள். அந்த வாரத்தில் மேலும் இரண்டு காலைகள் அவன் பொள்ளாச்சிக்காரியாக எழுந்தான். ஒருநாள் தேன்மொழியைப் பார்த்து, வீட்டுக்காரம்மா, வாடகையை அடுத்த வாரம் தந்துவிடுகிறேன் என்று கும்பிட்டான்.

நேரில் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வரத்தான் அவள் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினாள். போனில் சொல்வது சரியல்ல என்று தோன்றியது. வரிசை வீடுகளில் கடைசி வீடு. மித்ரா பள்ளிச் சீருடையோடு கதவைத் திறந்தாள். மணி பதினொன்றுக்கு மேல் ஆகியிருந்தது. அம்மா இன்னைக்குச் சரியில்லீங்க, அதனால் பள்ளிக்கூடம் போகவில்லை என்றாள்.

உள்ளே பிருந்தா அலமாரித் துணிகளைக் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தேன்மொழியைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

"தேனு, வந்துட்டியா. கடைச் சாவியக் காணோம் கண்ணு. நீ எடுத்தியா?"

பெண் குரல். ஆனால் அந்த வார்த்தைகளை அந்த வரிசையில் சொல்லும் ஆள் உலகத்திலேயே ஒருவன்தான். தேன்மொழி வாசற்படியிலேயே நின்றாள். பிருந்தா கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, மித்ராவைக் காட்டினாள்.

"இந்தப் புள்ள யாரு? காலையில இருந்து எம் பொறத்தாலயே சுத்துது. அழுகுது. பாவமா இருக்குது. அவிய வீட்டுல கொண்டுபோய் உட்டுட்டு வந்துரு."

அடுப்பில் தோசை தீய்ந்துகொண்டிருந்தது; மித்ரா போய்த் திருப்பிப் போட்டாள். பிறகு தேன்மொழியிடம், சாப்பிட்டுப் போங்க, வெயில்ல வந்திருக்கீங்க என்றாள். தேன்மொழி உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. கிளம்பும்போது மித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு மருத்துவமனைக்கு அம்மாவைக் கூட்டி வா என்றாள்.

கையெழுத்துப் போட்ட நாளில் சிபி நல்லவேளையாகச் சிபியாகத்தான் எழுந்திருந்தான். பெஞ்சில் காத்திருந்தபோது அவள் என்னென்னவோ பேச நினைத்தாள். அவன் கடையில் குழாய் இணைக்கும் அரை இஞ்ச் நிப்பிள் தீரப்போகிறது, உள்ளூர்க்காரரிடம் வாங்காதே, ராஜபாளையத்திலிருந்து வருபவரிடம் சொல் என்றான். பெயர் கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். முகத்தில் கலக்கம் எதுவும் இல்லை. அவன் மனசு எவ்வளவு பெரியது என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். தேன்மொழிக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

வெளியே வந்தவன் இருபத்தெட்டு வயதுப் புது மாப்பிள்ளை. கண்ணாடியில் நரைத்த மீசையைப் பார்த்து அதை விரலால் தடவினான். மறுபடி அவனைக் கோப்பு முறையில் இணைத்தார்கள். அவள் கேட்டது அதைத்தான். யார் என்ன என்பதெல்லாம் சில நாட்களில் தெரிந்துகொண்டான். தேன்மொழிதான் தேனு என்பதையும் ஒத்துக்கொண்டான். ஆனால் அவனால் அவளை நீ என்று கூப்பிட முடியவில்லை. நீங்க என்றான். காபி டம்ளரை வாங்கும்போது விரல் படாமல் வாங்கினான்.

பொழுதோடு கடை சாத்திவிட்டு வந்ததும் அவளைச் சொல்லச் சொல்வான். அவள் முதல் வருடத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். வீடு கட்டியது, அவன் அப்பா இறந்தது, மருதமலைக்கு நடந்தே போனது, அவளுக்கு டெங்கு வந்தபோது அவன் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு கஞ்சி வைத்தது. அவன் புதுப் படம் பார்ப்பவனைப்போலக் கேட்டான். ஒவ்வொன்றும் ஒரு பெயரோடு எங்கோ போய் உட்கார்ந்தது. சில சமயம் சிரித்தான். நாம் நன்றாகத்தான் வாழ்ந்திருக்கிறோம் என்று ஒருநாள் சொன்னான்.

அடுத்த மழைக்காலத்தில் பிருந்தா வந்தாள். கையில் ஒரு பை நிறையத் தேங்காய். மித்ராவுக்குக் கோவையில் கல்லூரி கிடைத்திருந்தது, சேர்த்துவிட்டு வருகிறாள். சிபிக்கு அவள் யாரென்று தெரியவில்லை; வீடு தேடி வந்த வாடிக்கையாளர் என்று நினைத்து நாற்காலி போட்டான். அவள் அவனையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கடைக்குக் கிளம்பிய பிறகு தேன்மொழியோடு சமையற்கட்டுக்கு வந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றாள். மித்ரா பிறந்ததிலிருந்து எல்லாம் இருக்கிறது. அங்கங்கே ஓட்டை. அங்கங்கே தன்னுடையதல்லாத துண்டுகள், அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது என்று லிடியா முன்பே சொல்லியிருந்தாள்.

தேன்மொழி காபி போட அடுப்புப் பக்கம் திரும்பினாள். பின்னால் பிருந்தா பேச்சை நிறுத்திவிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கோணுங்க. ஒரு பொம்பள எனக்கு முதுகைக் காட்டி நின்னு போன்ல பேசறாப்ல ஒரு நெனப்பு. 'அந்த வருஷமே உட்டுட்டுப் போயிருக்கோணும். போகாம இப்ப ஒரு மிஷினுக்கு ஊழியம் பண்ணிட்டு இருக்கறேன்'னு சொல்லுது. எங்கம்மாதான் என்னையப் பத்தி யாருகிட்டயோ சொன்னாளாக்கும்னு இத்தன நாளா வெசனப்பட்டேன். இப்ப நீங்க திரும்பி நின்னீங்கல்ல."

தேன்மொழி அடுப்பை அணைத்தாள். அது ஒரு மத்தியானம் அவள் தன் தங்கையோடு போனில் பேசியது. வருடங்கள் ஆகிவிட்டன. அன்று சிபி கடையில் இருப்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

"உங்கம்மா இல்லீங்க. நான்தான்."

பிருந்தாவின் கண் கலங்கியது. ஆறுதலாகவா வருத்தமாகவா என்று சொல்ல முடியவில்லை. அந்த ஒன்று மட்டும் மற்றவை மாதிரி இல்லை என்றாள். மற்றவை எப்போதாவது வரும். அது தினமும் வருகிறது, கண் விழித்ததுமே வருகிறது. லிடியாவிடம் கேட்டதற்கு, எழுதியவர் அடிக்கடி எடுத்துப் பார்த்த நினைவுதான் அப்படி முன்னால் வந்து நிற்கும் என்றாளாம்.

பிருந்தா போன பிறகு தேன்மொழி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இடத்தை விட்டுக்கொடுக்க அவன் தயங்காததை நினைத்தாள். அந்தப் பெண்குழந்தைக்காகத்தான் கொடுத்தானா, இதைத் தொலைத்தால் போதும் என்று கொடுத்தானா? கேட்கலாம் என்றால் அதைத் தெரிந்தவன் இப்போது இல்லை. கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அப்படியொரு மத்தியானமே கிடையாது.

சாயங்காலம் அவன் வந்து கை கால் கழுவிவிட்டு எதிரில் உட்கார்ந்தான். நேற்று எதுவரை சொன்னீர்கள் என்று கேட்டான். மருத்துவமனையில் அவன் இழந்துவிட்ட வருடங்களை, யாருக்கும் தெரியாமல், அவள் ஒருத்தியே இத்தனை நாளாகத் தனக்கு வேண்டியபடி அவனுக்குள் எழுதிக்கொண்டிருந்தாள். அவளால் அன்று அது முடியவில்லை. அந்த மத்தியானத்தைச் சொன்னாள். தான் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னாள்.

கொஞ்சம் தாமதித்து அவன் கேட்டான்.

"அப்புறம் போயிட்டீங்களா?"

"போகல."

"எனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரிஞ்சிருக்குது. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

"நான் ஒண்ணும் கேக்கலீங்களா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவன் சரி என்றான். வெளியே துணி காய்கிறது, தூறல் விழும்போல் இருக்கிறது என்று சொல்லி எழுந்துபோய் அவற்றை எடுத்து வந்து மடித்து வைத்தான்.

மறுநாள் பொழுதோடு வந்து காபி குடித்தான், நன்றாக இருக்கிறது என்றான். எதையும் சொல்லச் சொல்லவில்லை. அவள் காத்திருந்தாள். அதற்கடுத்த நாளும் அவன் கேட்கவில்லை.